மகளை எந்த வகுப்பில் சேர்ப்பது?

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை மகள் வீட்டில் இருக்கிறாள். சும்மா இருக்க விடக் கூடாது, ஏதாவதொரு வகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்ற கவலை, சகோதரிகளே, உங்களில் பலருக்கு இருக்கிறது. மூன்று மாதம், ஆறு மாதம் என்று விளம்பரப் பலகைகள் அழைக்கின்றன. கட்டணமோ கையைக் கடிக்கிறது. காப்பொன்றை அடகு வைத்துத்தான் கட்ட வேண்டும் என்ற நிலையில் உள்ள வீடுகளும் உண்டு. அப்படிக் கட்டிப் படித்தது இரண்டே வருடத்தில் பழசாகிப் போனால் என்ன செய்வது? "இனி எல்லாவற்றையும் கணனியே செய்துவிடுமாமே, பிள்ளை எதைத்தான் படிக்கிறது?" என்று கேட்கும் உம்மாமாருக்கு என்ன பதில் சொல்வது?

வரப்போகும் காலத்தைப் பற்றிக் குறி சொல்ல எனக்குத் தெரியாது. ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றைப் பார்ப்போம். நமது பெண்கள் பலர் கற்று, சிலர் அதைக் கொண்டே குடும்பத்தையும் தாங்கிய ஒரு தொழில் இருக்கிறது. தட்டெழுத்து.

1874ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரெமிங்டன் கம்பனி தட்டெழுத்து யந்திரத்தை விற்பனைக்கு விட்டது. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்து, வேலை சுலபம். தமிழுக்கு 247. அத்தனையையும் ஒரு யந்திரத்தில் எப்படி அடக்குவது? யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா என்பவர் அதற்கு வழி கண்டார். புள்ளி போன்ற குறிகளுக்கு நகராத விசைகளை வைத்தார். அடித்தால் குறி தாளில் விழும், தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதன் கீழேயே வந்து உட்காரும். இந்த யோசனைதான் தமிழை யந்திரத்துக்குள் கொண்டு வந்தது.

தட்டெழுத்து வகுப்புக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். இடக்கை விரல்களுக்கு ய, ள, ன, க. வலக்கை விரல்களுக்கு த, ம, ட. விசைகளைப் பார்க்காமல் அடிக்க வேண்டும், பார்த்தால் ஏச்சு விழும். பிழை விட்டால் காபன் தாளை விலக்கி ஒவ்வொரு பிரதியிலும் தனித்தனியாக அழிக்க வேண்டும். ரோனியோவுக்கு ஸ்டென்சில் வெட்டும்போது பிழை விட்டாலோ, அன்றைய நாள் போயிற்று.

பிறகு கணனி வந்தது. தட்டெழுத்தாளர்கள் பயந்தார்கள். ஆனால் நடந்தது வேறு. நமது அச்சகங்களிலும் கந்தோர்களிலும் பரவிய பாமினி எழுத்துருவில் பெரும்பாலான எழுத்துகள் பழைய யந்திரத்தில் இருந்த இடங்களிலேயே இருந்தன. யந்திரத்தில் புள்ளியை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடித்தவர்கள், இதில் எழுத்தை முதலில் அடித்துப் புள்ளியைப் பிறகு வைக்கப் பழகினார்கள். சில நாள் தடுமாற்றம், அவ்வளவுதான். விரல் பழகியது வீண் போகவில்லை.

அதற்குப் பிறகு யூனிகோட். 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது என்றாலும், நம் மேசைகளுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் சென்றன. பாமினியில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று கிடக்கும். அந்தத் தொல்லை யூனிகோட் வந்த பின் தீர்ந்தது. இப்போது கைத்தொலைபேசியிடம் வாயால் சொன்னாலே தமிழில் எழுதுகிறது. படம் பிடித்துக் கொடுத்தால் எழுத்தைப் பிரித்துத் தருகிறது. விஷயத்தைச் சொன்னால் கடிதத்தையே எழுதித் தருகிறது.

அப்படியென்றால் தட்டெழுத்துக் கடைக்கு இனி யார் போவார்கள்? போகிறார்கள். எதற்காகப் போகிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

நமது பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் சிலருக்குச் சிங்களத்தில், சிலருக்குத் தமிழில். கடவுச்சீட்டிலோ ஆங்கிலம். ஒரே பெயர் மூன்று மொழிகளின் எழுத்துகளுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். பாத்திமா என்று தமிழில் எழுதினால் முதல் எழுத்து எந்த ஓசைக்கு என்று தெரியாது. ஒருவர் ஆங்கிலத்தில் எஃப் போட்டு எழுதுவார், இன்னொருவர் பீ போட்டு எழுதுவார். (ஆங்கிலத்தில் இரண்டு பீ உண்டு. எந்தப் பீ என்று இந்த வரியில்கூட என்னால் காட்ட முடியவில்லை, பாருங்கள்!) வாப்பாவின் பெயர் ஒரு பத்திரத்தில் முகம்மது, இன்னொன்றில் முஹம்மத், மற்றொன்றில் மொஹமட். வீட்டில் எல்லோருக்கும் அது ஒரே மனிதர்தான். கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் உத்தியோகத்தருக்கு மூன்று பேர்.

நம் பெண்களின் பெயருக்கு முன்னால் வரும் சித்தி என்பதைப் பாருங்கள். நாம் உம்மாவின் தங்கையைச் சாச்சி என்போம். தமிழ் பேசும் வேறு பலருக்கு அவர் சித்தி. மொழிபெயர்க்கும் யந்திரத்துக்கு இது பெயரா, உறவு முறையா என்று எப்படித் தெரியும்? ஒரு மூதாட்டியின் பெயரின் முன்பாதியை அது உறவாக மாற்றிவிட்டுப் பேசாமல் இருக்கக் கூடும். தான் விட்டது பிழை என்று அது நம்மிடம் வந்து சொல்லாது. எழுத்தெல்லாம் அழகாக, வரிசையாக இருக்கும். அதுதான் ஆபத்து.

அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளை, "உம்மா, உங்கட அடையாள அட்டையையும் ஒருக்கா தாங்க, பார்ப்போம்" என்று கேட்கிறாளா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேட்டால், ஒரு சத்தியக் கடதாசி முடித்து, சமாதான நீதவானிடம் கையொப்பம் வாங்க இன்னும் நேரம் இருக்கிறதே என்று தெரிய வரும். கேட்காவிட்டால், டிக்கட் எடுத்த பிறகு தெரிய வரும்.

இதைவிடப் பாரமான வேலையும் அந்த மேசைக்கு வருகிறது. கணவன் விட்டுப் போய், பிள்ளைகளின் தாபரிப்புப் பணத்துக்காகக் காதி நீதிபதிக்கு மனுக் கொடுக்க வருகிறாள் ஒரு சகோதரி. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதி நீதிமன்றில் சட்டத்தரணி ஆஜராக இடம் வைக்கவில்லை. தன் விஷயத்தைத் தானே சொல்ல வேண்டியவளுக்கு அந்தத் தாள் எவ்வளவு பெரிய துணை என்று யோசியுங்கள். அவள் அழுதுகொண்டே நடுவிலிருந்து ஆரம்பிப்பாள். மாமி சொன்னது, மச்சான் ஏசியது, பெருநாளன்று நடந்தது என்று எல்லாம் கலந்து வரும். அவள் பேசியதை அப்படியே எழுத்தாக்கத் தொலைபேசி போதும். ஆனால் எந்த மாதத்திலிருந்து செலவுக்குப் பணம் வரவில்லை, பிள்ளைகள் எத்தனை பேர், யாருக்கு எத்தனை வயது, பாடசாலைச் செலவு எவ்வளவு என்று கேட்டு, அவற்றை மேலே வைத்து, ஏச்சுப் பேச்சைக் கீழே தள்ளி, பொய் ஒன்றும் சேராமல் ஒரு பக்கத்துக்குள் அடக்க ஒரு மனுஷிதான் வேண்டும். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கவும் வேண்டும். ஊர் சிறியது. நேற்று மனு எழுதியவளை நாளைக்குக் கலியாண வீட்டில் காண வேண்டி வரும். "அவளிடம் சொன்னால் வெளியே போகாது" என்ற பெயரை எந்த வகுப்பும் சான்றிதழாகத் தருவதில்லை. தட்டெழுத்து யந்திரக் காலத்திலும் அந்தப் பெயர் உள்ளவளிடம்தான் கூட்டம் போயிற்று, இன்றைக்கும் அவளிடம்தான் போகிறது.

இந்தக் காலத்தில் அதற்கு ஒரு கவனம் கூடியிருக்கிறது. அடுத்த வீட்டுச் சங்கதியை நாம் யாரிடமும் சொல்லாமல் இருந்தாலும், அதை ஊர், பேரோடு முகம் தெரியாத கம்பனியின் செயலியில் போட்டுக் கடிதம் எழுதச் சொன்னால் அது எங்கே போய்த் தங்கும்? பெயரையும் முகவரியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் நீக்கிவிட்டுப் போடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஆகவே வகுப்பு விஷயத்தில் என் அபிப்பிராயம் இதுதான். கணனியை மகள் பழகத்தான் வேண்டும், அதைத் தடுக்காதீர்கள். ஆனால் ஒரு செயலியின் பெயரை மட்டும் போட்டு ஆறு மாதத்துக்குப் பணம் கேட்கும் வகுப்புக்காகக் காப்பைக் கழற்றாதீர்கள். அந்த மாதிரி விஷயத்தை நம் பிள்ளைகள் சில வாரங்களில் தாங்களாகவே பிடித்துக்கொள்கிறார்கள். சில வாரத்தில் வருவது சில வருடத்தில் போய்விடும். மொழி அப்படி வருவதில்லை. தமிழில் பிழையின்றி ஒரு கடிதம் எழுத, சிங்களப் பத்திரமொன்றை வாசித்து விளங்க, ஆங்கிலத்தில் ஒரு படிவத்தை நிரப்ப ஆண்டுகள் செல்லும். நம் பிள்ளைகளில் அநேகர் சிங்களம் பேசுகிறார்கள். எழுத்தைக் காட்டினால் முழிக்கிறார்கள். பணம் செலவழிப்பதென்றால் அதற்குச் செலவழிக்கலாம்.

செலவில்லாத ஒரு வகுப்பையும் சொல்கிறேன். அலுமாரியில் கிடக்கும் குடும்பப் பத்திரங்களையெல்லாம் எடுத்து மகளிடம் கொடுங்கள். பிறப்பு அத்தாட்சி, அடையாள அட்டை, கடவுச்சீட்டு, விவாகப் பதிவு, வங்கிப் புத்தகம். ஒரு கொப்பியில் கோடு போட்டு, வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய பெயரும் பிறந்த திகதியும் எந்தப் பத்திரத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்துப் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். வாப்பும்மாவுடையதையும் விட்டுவிட வேண்டாம். வித்தியாசம் தென்பட்டால் பத்திரங்களையும் அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அங்கே பேச்சை அவளையே ஆரம்பிக்க விடுங்கள்.