உழைத்து ஓய்ந்த கைக்கு ஒரு நாளைக்கு 6 ரூபாய் 67 காசா?



முதியோர் பணம் கொடுக்கிற ஆள் ஊருக்குள் வருகிற நாளைப் பார்த்திருப்பீர்கள். விடிந்ததும் விடியாததுமாகக் கிழவிகள் கோயில் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். மெஷினில் விரலை வைத்தால் ரேகை விழாது. "வேற விரல வை பாட்டி" என்பான். பத்து விரலும் வைத்தாகிவிடும். "ரேகை இல்ல பாட்டி, அடுத்த மாசம் பாப்போம்" என்று மெஷினைப் பைக்குள் போட்டுவிட்டுப் போய்விடுவான்.

அந்த ரேகை எங்கே போச்சு? நாற்றுப் பறித்ததில் போச்சு. களை எடுத்ததில் போச்சு. கதிர் அறுத்ததில் போச்சு. ஊருக்குச் சோறு போட்டதில் தேய்ந்த விரலைக் காட்டியே, உனக்குச் சோத்துக் காசு இல்லை என்கிறார்கள். இதைவிட அநியாயம் உண்டா?

கணக்கைப் பாருங்கள்!

மத்திய அரசு 1995ல் முதியோர் பென்ஷன் திட்டம் கொண்டுவந்தபோது தன் பங்காக மாதம் 75 ரூபாய் கொடுத்தது. 2006ல் அதை 200 ரூபாய் ஆக்கியது. 2011ல் வயதை 65லிருந்து 60 ஆகக் குறைத்தார்கள். 80 தாண்டியவர்களுக்கு 500 என்றார்கள். ஆனால் 60லிருந்து 79 வரை உள்ளவர்களுக்கு, 2025 வரைக்கும் அதே 200தான். முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 6 ரூபாய் 67 காசு. ஒரு டீக்குக் காணாது.

நெல் விலை கட்டவில்லை என்று நாம் தெருவில் நிற்கிறோம். அந்தக் கட்டாத விலைகூட, சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2006-07ல் 580 ரூபாயாக இருந்தது 2025-26ல் 2,369 ஆகியிருக்கிறது. உரம் ஏறிவிட்டது, டீசல் ஏறிவிட்டது, மாத்திரை ஏறிவிட்டது. நெல்லை விளைவித்த கிழவனின் 200 மட்டும் ஏறவில்லை.

மாநில அரசு மேலே போட்டுத்தான் கொடுக்கிறது, மறுக்கவில்லை. 1962லேயே மாதம் 20 ரூபாய் என்று ஆரம்பித்த மாநிலம் இது. 2011ல் 1,000 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு 200 ரூபாய் ஏற்ற 2023 ஆகஸ்ட் வரை 12 வருசம் ஆனது. அந்த 1,200ம் நாளைக்கு 40 ரூபாய்தான்.

இதே நாட்டில் 2025 மார்ச்சில் முன்னாள் எம்.பி.க்களின் பென்ஷனை மாதம் 25,000லிருந்து 31,000 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டுக் கொடுத்தார்கள். காரணம் கேட்டால் விலைவாசி ஏறிவிட்டதாம்! எம்.பி. வாங்குகிற கத்தரிக்காய்க்கு ஒரு விலை, நம்ம ஊர்ப் பாட்டி வாங்குகிற கத்தரிக்காய்க்கு ஒரு விலையா?

2039 வரை காத்திருக்கணுமாம்!

விவசாயிகளுக்கென்றே 2019ல் கிசான் மான்தன் என்று ஒரு பென்ஷன் திட்டம் அறிவித்தார்கள். ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயி மாதம் 55லிருந்து 200 ரூபாய் வரை கட்டினால், 60 வயதில் மாதம் 3,000 கிடைக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் சேருகிற வயது 18லிருந்து 40 வரை. 2019ல் 41 வயதானவன் வெளியே. 50 வயதானவனும் வெளியே. அன்றைக்கே முதுகு வளைந்து கிடந்தவனைப் பற்றிப் பேச்சே இல்லை. அன்று 40 வயதில் சேர்ந்தவனுக்கே முதல் பென்ஷன் 2039ல்தான் வரும்.

நாங்கள் ஒன்றே ஒன்று கேட்கிறோம். 60 வயதான விவசாயிக்கு மாதம் 3,000 வேண்டும் என்று அரசே ஒப்புக்கொண்டாகிவிட்டது. அப்படியானால் 60ஐத் தாண்டி இன்றைக்குப் படுத்திருப்பவனுக்கு அது ஏன் வேண்டாம்? அவன் என்ன, வேறு நாட்டுக்கு உழுதானா?

"உனக்குத்தான் மகன் இருக்கானே!"

மனுவைத் தூக்கிக்கொண்டு போனால் இதுதான் முதல் கேள்வி. மகன் இருக்கிறான், உண்மைதான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வாடகைக்கும் பிள்ளை படிப்புக்கும் போக அவன் கையில் என்ன நிற்கும்? இரண்டாவது கேள்வி, "பேர்ல பட்டா இருக்கே?" இருக்கிறது. மழையை நம்பிக் கிடக்கிற ஒண்ணரை ஏக்கர் மானாவாரி. பேங்கில் கடன் கேட்டால் இந்தச் சொத்து போதாது என்கிறார்கள். பென்ஷன் கேட்டால் அதே சொத்து இருக்கிறது என்கிறார்கள். ஒரே நிலத்துக்கு இரண்டு தராசா?

பெண்கள் பாடு இன்னும் மோசம். நடவு அவர்கள் கை, களை அவர்கள் கை, மாடு அவர்கள் கை. பட்டாவில் மட்டும் பேர் இல்லை. அதனால் விவசாயி என்ற கணக்கிலேயே வருவதில்லை. குத்தகைக்கு உழுதவனுக்கும் கூலிக்கு அறுத்தவளுக்கும் இதே கதிதான்.

நம் வீட்டையும் பார்ப்போம்!

அரசை மட்டும் ஏசிவிட்டுப் போனால் நாம் யோக்கியர்கள் இல்லை. பத்திரம் எழுதி வாங்குகிற வரைக்கும் அப்பன் நடுவீட்டில். எழுதி வாங்கிய மறுமாசம் மாட்டுக்கொட்டகையில். இரண்டு மகன் இருந்தால் ஆளுக்கு ஒரு மாசம் என்று ஆத்தாளை முறைவைத்து அனுப்புகிறோம். முறை மாறுகிற அன்றைக்கு அவள் துணிப்பையோடு தெருவில் நிற்கிறாள். இதைப் பார்த்துக்கொண்டு நாமும் சும்மா போகிறோம்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. தான செட்டில்மெண்ட் எழுதுகிறபோது, "எங்களைச் சாகும்வரை வைத்துப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் வருசத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்க இடம் தருகிறது. கஞ்சி ஊற்றாத பிள்ளை மீது ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் போட அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. மானத்துக்கு அஞ்சி வாயை மூடிக்கொண்டு கிடக்காதீர்கள். வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வீட்டுச் சண்டையில் பாதி, இல்லாமையில் வந்த சண்டை. விளைச்சலுக்கு விலை இல்லாமல் மகனைக் கடனாளி ஆக்கிவிட்டு, அப்பனைப் பார்க்கவில்லை என்று அவனை மட்டும் கைநீட்டுவது அரசுக்கு வசதி. கிழவன் கையில் மாசம் 3,000 இருந்தால் மருமகள் ஊற்றுகிற கஞ்சிக்கும் ஒரு மரியாதை வரும்.

நாங்கள் கேட்பது:

1. மத்திய அரசே! 200 ரூபாய்ப் பங்கை 3,000 ஆக்கு! எம்.பி. பென்ஷன் மாதிரி விலைவாசிக்குத் தக்க ஏற்று!

2. மகன் இருக்கிறான், பட்டா இருக்கிறது என்று மனுவைத் தள்ளாதே!

3. பட்டா இல்லாத பெண்கள், குத்தகைதாரர், கூலி விவசாயி எல்லோரையும் சேர்!

4. ரேகை விழாதவர்களுக்கு வேறு வழியில் அதே நாளில் பணத்தைக் கொடு! நடக்க முடியாதவர்களுக்கு வீட்டில் கொண்டுபோய்க் கொடு!

விவசாயிகளே! வருகிற கிராம சபையில் இந்த நான்கையும் தீர்மானமாகப் போடுங்கள். எழுதி வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். பிறகு திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீசுக்கு ஊர் ஊராகப் போவோம். பெரியவர்கள் முன்னால் உட்காரட்டும், நாம் பின்னால் நிற்போம். தேய்ந்த விரலை மையில் தோய்த்து அவர்களே மனுவில் வைக்கட்டும். ரேகை விழாத அந்தக் கரும்புள்ளிதான் நம் சாட்சி.

கரும்புக்குப் பாக்கி வைத்தால் ஆலை வாசலில் உட்காருகிறோமே, இதுவும் பாக்கிதான். நாளைக்கு நமக்கும் வயசாகும். இன்றைக்கு நாம் கேட்காவிட்டால் நாளைக்கு நமக்காகக் கேட்க ஆள் இருக்காது.

பிச்சை கேட்கவில்லை! பாக்கி கேட்கிறோம்!

உழுத கைக்கு ஓய்வூதியம் கொடு!

அணி திரள்வோம்! வாரீர்! வாரீர்!