விளையாட்டு வினையாகும் இடம்



சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து அனைவரும் கலைந்துகொண்டிருந்தபோது, உறுப்பினர் ஒருவரின் துணைவியார் நம்மிடம் ஒரு வினா விடுத்தார். "பள்ளிக்கூடத்தில் என்னை டீஸ் பண்ணுகிறார்கள் என்று பையன் அழுகிறான். அது டீஸ் இல்லை, மாக் என்று அவன் அக்காள் திருத்துகிறாள். அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் கேலி செய்தல் என்றே போட்டிருக்கிறது. இரண்டுக்கும் என்னதான் வேற்றுமை?" என்பது அவர் கேள்வி.

பத்தாம் வகுப்போடு படிப்புக்கு விடை கொடுத்துவிட்டுப் பார்சல் ரசீதுகளோடு வாழும் நாம் ஆங்கிலப் பேராசிரியர் அல்லோம். ஆயினும் இதே வினாவுக்கு விடை தேடும் கட்டாயம் ஒருமுறை நமக்கே நேர்ந்தது. அன்று தவறும் இழைத்தோம். ஆகவே சொற்களை முதலிலும், நம் தவற்றை அதன் பின்னும் வாசகர் முன் வைக்கிறோம்.

'ஜோக்' என்பது இவற்றுள் மிக எளிய சொல். சொன்னவரும் கேட்டவரும் சேர்ந்து சிரித்தால் அது ஜோக். அதற்கு ஓர் ஆள் இலக்காக வேண்டும் என்பதில்லை. மழையையோ, தாமதமாக வரும் வண்டியையோ வைத்துக்கூட ஜோக் சொல்லலாம். 'பான்டர்' என்பது இருவர் மாறி மாறி எறிந்து பிடிக்கும் பந்து போன்றது. கலியாணப் பந்தியில் மைத்துனன்மார் ஒருவரையொருவர் வாரிக்கொள்வது பான்டர். ஒருவர் எறிய, மற்றவர் திருப்பி எறிய இயலவேண்டும் என்பதே அதன் விதி. திருப்பி எறிய இயலாதவன்மேல் எறியும் பந்து, பந்தன்று, கல்.

'டீஸ்' என்ற சொல்லின் வரலாறு சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அது கம்பளி மயிரைச் சிக்கெடுத்துப் பிரித்தலைக் குறித்தது. மெல்ல இழுத்தால் இழை பிரிந்து மென்மையாகும். மூர்க்கமாக இழுத்தால் அறுந்துபோகும். நம் 'கிண்டல்' என்ற சொல்லிலும் கிண்டுதல் இருக்கிறது அன்றோ? அண்ணன் தங்கையின் பின்னலைப் பற்றிச் சொல்லும் குறும்பு டீஸ். அதில் உறவு உண்டு, சிறிது வலியும் உண்டு. வலி மிஞ்சினால் நிறுத்திவிட வேண்டும் என்ற எண்ணம் செய்பவனுக்கு இருக்கும்வரைதான் அது பொறுக்கத்தக்கது.

'மாக்' என்பது வேறு சாதி. நம் குழந்தைகள் 'மாக் டெஸ்ட்' எழுதுகிறார்கள். விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று பழக, ரெயில்வேயில் 'மாக் டிரில்' நடத்துகிறார்கள். உண்மையானதைப்போல் நடித்துக் காட்டுவது என்ற பொருள் இச்சொல்லில் ஒட்டியிருக்கிறது. ஒருவனுடைய பேச்சையும் நடையையும் அவன் கண்ணெதிரிலேயே போலியாக நடித்து, அவனையே போலி ஆக்கிவிடுவது மாக். டீஸ் செய்பவன் ஆளைத் தொடுகிறான். மாக் செய்பவன் ஆளை உரித்துத் தான் அணிந்துகொள்கிறான்.

இன்னும் கீழே இறங்கினால் 'ரிடிக்யூல்', 'டிரைட்' என்ற இரண்டும் வருகின்றன. இரண்டும் சிரித்தல் என்று பொருள்படும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. பலர் முன்னிலையில் ஒருவனைச் சிறுமைப்படுத்திச் சிரிப்பது முன்னது. வெறுப்போடு கீழ்நோக்கிச் சிரிப்பது பின்னது. குறையைக் குத்திக்காட்டிச் சினமூட்டுவது 'டான்ட்'. கூட்டமாக நின்று கூச்சலிட்டு இழித்தல் 'ஜியர்'. 'சார்காஸம்' என்பது தசையைக் கிழித்தல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு வேறு விளக்கம் வேண்டா.

ஆனால் சொல்லை வைத்து மட்டும் இவற்றைப் பிரிக்க இயலாது. சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில அகராதியில் ஓட்ஸ் தானியத்துக்குப் பொருள் கூறும்போது, அது இங்கிலாந்தில் குதிரைகளுக்கும் ஸ்காட்லாந்தில் மனிதர்களுக்கும் உணவாவது என்ற கருத்தில் எழுதிவைத்தார். அந்த அகராதிப் பணியில் அவருக்கு உதவிய எழுத்தர்கள் அறுவருள் ஐவர் ஸ்காட்லாந்துக்காரர்! அவர் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற பாஸ்வெல்லும் அந்நாட்டவரே. உடனிருந்து உழைத்தவர்களிடையே அது டீஸாக இருந்திருக்கலாம். முன்பின் அறியாத ஒருவன் அதே சொல்லை ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் முகத்துக்கு நேரே வீசினால் அது டான்ட் ஆகிவிடும். நம் இட்டிலி சாம்பாரைப் பற்றி அண்டை வீட்டு நண்பர் சொல்வதற்கும், டிக்கட் வரிசையில் நிற்கும் அந்நியன் சொல்வதற்கும் உள்ள வேற்றுமையை நம் இல்லங்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

நிற்க. நம் தவற்றுக்கு வருவோம்.

நம் காரியாலயத்துக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளைஞர் ஒருவர் கலாசியாக வந்து சேர்ந்தார். இந்தியில் வண்டி பெண்பால். 'காடி ஆயீ' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் 'காடி ஆயா' என்பார். அஃறிணையை அஃறிணையாகவே வைத்துப் பழகிய தமிழ் நாவுக்கு வண்டிக்கும் நாற்காலிக்கும் ஆண் பெண் வகுப்பது எளிதா? நம் குமாஸ்தா ஒருவர், நம்மோடு நாள்தோறும் ஒரே மேசையில் உணவருந்துபவர், இதைப் பிடித்துக்கொண்டார். சுமைகூலிகள் கூடும் வேளையில் அந்த இளைஞரைப்போலவே முதுகை வளைத்து, மூட்டை சுமப்பதாக நடந்து, 'காடி ஆயா, காடி ஆயா' என்று கூவுவார். எல்லோரும் சிரிப்பர். அவ்விளைஞரும் சிரிப்பார். நாமும் சிரித்திருக்கிறோம், மறைப்பானேன்?

சில வாரங்கள் சென்றபின் அவ்விளைஞர் மேலதிகாரியிடம் முறையிட்டார். நேரில் கண்டவர் என்ற முறையில் நம்மை எழுத்து மூலம் வாக்குமூலம் தரும்படி கேட்டனர். நாம் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினோம். நடந்தது ஒரு 'ஜோக்' என்றும், சம்பந்தப்பட்டவரே உடன் சிரித்தார் என்றும் எழுதிக் கையொப்பமிட்டோம். நண்பருக்குத் தீங்கு வரலாகாது. இளைஞருக்கும் இதில் நட்டமொன்றும் இல்லை என்று நமக்கு நாமே நியாயம் சொல்லிக்கொண்டோம்.

மாலையில் அவ்விளைஞர் வந்து, "அண்ணாச்சி, என்னன்னு எழுதினீங்க?" என்று கேட்டார். சொன்னோம். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நான் சிரிச்சதைப் பார்த்தீங்க. ஏன் சிரிச்சேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? சிரிக்காட்டி இன்னும் ரெண்டு தடவை நடந்து காட்டுவார், அதுக்குத்தான்" என்றார்.

அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. இந்தியில் 'மஜாக் கர்னா' என்றால் வேடிக்கை செய்தல். 'மஜாக் உடானா' என்றால் ஒருவரை ஏளனம் செய்தல். ஆங்கிலத்திலும் 'ஃபன்' என்றால் களிப்பு. 'மேக் ஃபன் ஆஃப்' என்றால் ஒருவனுடைய செலவில் களிப்பு. நம் தமிழில் இவ்வேற்றுமையைக் காட்ட ஓர் உருபே போதும். அவனோடு சிரித்தோம் என்றால் ஒன்று; அவனை நகைத்தோம் என்றால் மற்றொன்று. 'ஓடு' உருபு வரவேண்டிய இடமா, 'ஐ' உருபு வரவேண்டிய இடமா என்பதை அறியாதவர்போல் நாம் எழுதிக் கொடுத்துவிட்டோம்!

நகைப்புத் தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாக வைக்கிறது தொல்காப்பியம். உரை வகுத்த பேராசிரியர், பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதலும் ஆகிய இரண்டும் அதனுள் அடங்கும் என்கிறார். எள்ளப்பட்டவனும் நகுவான் என்பதை நம் முன்னோர் என்றோ கண்டிருக்கின்றனர். ஆகவே அவனும் சிரித்தானே என்பது சான்றாகாது. விளையாட்டாகச் செய்தாலும் இகழ்ச்சி துன்பமே தரும் என்று வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் சொல்லியிருப்பதும் அன்றிரவுதான் நமக்கு உறைத்தது.

மறுநாள் மேலதிகாரியைக் கண்டு, முதல் தாளைத் திரும்பப் பெற அனுமதி வேண்டினோம். இரண்டாம் தாளில் 'ஜோக்' என்ற சொல்லை நீக்கி 'மாக்' என்று எழுதினோம். பிறர் முன்னிலையில் என்பதையும், பலமுறை என்பதையும், நாமும் சிரித்தோம் என்பதையும் சேர்த்தோம். தண்டனை ஒன்றும் விதிக்கப்படவில்லை. எந்த இடத்தில் நடந்து காட்டினாரோ அதே இடத்தில் அந்தக் குமாஸ்தா அவ்விளைஞரிடம் வருத்தம் தெரிவித்தார். அவ்வளவே. ஆனால் இரண்டு மாத காலம் அவர் நம் மேசைக்கு உணவருந்த வரவில்லை. பிறகு ஒரு நாள் தாமாகவே வந்தமர்ந்து, ரொட்டி டப்பாவை நம் பக்கம் நகர்த்தினார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

கேள்வி கேட்ட அம்மையாருக்கு நம் விடை இதுதான். பையன் சொன்னது டீஸா, மாக்கா என்று அகராதியைக் கேட்பதோடு நில்லாமல் பையனையும் கேளுங்கள். அவர்கள் சிரித்தபோது நீயும் சிரித்தாயா? ஏன் சிரித்தாய்? திருப்பிச் சொல்ல உன்னால் முடிந்ததா? போதும் என்று நீ சொன்னபோது நிறுத்தினார்களா? இம்மூன்று நான்கு கேள்விகளுக்கு அவன் தரும் விடையில் சரியான சொல் தானே வந்து நிற்கும். நம் பிள்ளைகள் பிறரைக் கேலி செய்துவிட்டு வந்து "விளையாட்டுக்குத்தான்" என்று சொல்லும்போதும் இதே கேள்விகளைக் கேட்க மறவாதீர்கள்.

அவ்விளைஞர் இப்போது 'காடி ஆயீ' என்று திருத்தமாகவே சொல்கிறார். நாம்தான் அவசரத்தில் இன்னும் 'காடி ஆயா' என்றுவிடுகிறோம். அப்போது அவர் நம்மைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். அது டீஸ்.