குறட்டையும் நகைப்பும்

முழுநிலா இரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியில் இருந்து, துடுப்பின் ஒரு முனையை வாவி நீரில் அமிழ்த்தி, மறுமுனையிற் காதை வைத்து மீனின் பாடலைக் கேட்பவர் நாம். அத்துணை நுண்செவி படைத்த நமக்கு, அடுத்த அறையில் உறங்குபவரின் மூச்சு நின்று நின்று வருவது மட்டும் கேட்பதில்லை. கேட்டாலும் நகைக்கிறோம். "நல்ல நித்திரை" என்கிறோம்.

அது நல்ல நித்திரை அன்று. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபட, பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. குருதியில் ஒட்சிசன் குறைய, மூளை திடுக்கிட்டு உடலை எழுப்புகிறது. மணிக்கு 5 முறை இவ்வாறு நேர்ந்தாலே கணக்கிற் கொள்ளத்தக்கது. 30 முறை எனின் கடுமையானது. உறக்க மூச்சுத்தடை எனப்படும் இந்நோய் உயர் குருதி அமுக்கத்துக்கும் வழிகோலுகிறது.

என் மாமா மட்டக்களப்பு நகரிற் சிறு கடை வைத்திருப்பவர், பருத்த உடலினர். நண்பகலிற் கணக்குப் புத்தகத்தின்மேல் தலை சாய்ந்துவிடும். சோம்பேறி என்றது ஊர். நானும் உடன் நகைத்தவனே. இறுதியில் இரவுப் புகைவண்டியேறித் தலைநகரில் ஒரு மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அவரிடம் கேட்கப்பட்டவை எப்வேர்த் வினாக்கள். மெல்பேண் மருத்துவர் மறே ஜோன்ஸ் 1991 இல் வெளியிட்டவை. வினாக்கள் எட்டு; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி; கூட்டுத்தொகை பத்தைத் தாண்டினாற் பகலுறக்கம் மிகை. நூல் படிக்கையிற் கண்ணயர்வீரா? வாகன நெரிசலிற் கார் நிற்கையிற் கண்ணயர்வீரா? சிங்களத்திற் கேட்கப்பட்டதைத் தமிழாக்கியவர் பக்கத்தில் இருந்த இன்னொரு நோயாளி! மாமா நூல் படிப்பதில்லை. கார் அவரிடம் இல்லை. பூச்சியங்கள் விழுந்தன. புள்ளி குறையவே, நோயற்றவராக வீடு திரும்பினார். ஓராண்டின் பின் வேறோரிடத்திற் கருவி பொருத்தி ஓரிரவு அளந்தபோது மணிக்கு நாற்பது முறைக்கு மேல் மூச்சு நின்றது.

1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. வாவிக்கரைத் தமிழரும் முஸ்லிம்களும் பேசும் மொழி அதுவே. நோயாளியின் வாய்க்கும் மருத்துவரின் செவிக்கும் இடையில் அந்தச் சட்டம் எங்கே போயிற்று?

சிற்றுண்டிச்சாலை நண்பர் சிலர் வேறொன்று சொல்வர்: உடற்பருமன் செல்வர் நோய், அதற்கான அறுவைச் சிகிச்சை செல்வரின் ஒப்பனை என்று. பாணும் சீனித் தேநீருமாய் நாளை ஓட்டும் கடைச் சிப்பந்தியை இவர்கள் பார்த்ததில்லைப் போலும். நம்மவர் உடலிற் குறைந்த நிறையிலேயே கேடு தொடங்குகிறது என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் 2004 இல் ஆசியர்க்கு உடற்றிணிவுச் சுட்டி 23, 27.5 ஆகிய எல்லைகளைச் சுட்டினர். அறுவைச் சிகிச்சைக்கு அமெரிக்கர் 1991 இல் வகுத்த எல்லையோ 40. நோயுடன் கூடியவர்க்கு 35. ஆசியர்க்கு 27.5 இலிருந்தே அது கருதப்படலாம் எனச் சர்வதேச அறுவை மருத்துவச் சங்கங்கள் கூறியது 2022 இலேதான். முப்பத்தோராண்டு பிறருடலின் அளவுகோல் நம்முடல்மேற் கிடந்தது.

எனினும் கத்தியை வழிபடச் சொல்லவில்லை. இரைப்பையின் முக்காற்பங்கையோ அதற்கு மேலோ வெட்டியகற்றியபின் ஆயுள் முழுதும் உயிர்ச்சத்து மாத்திரையும் மருத்துவக் கண்காணிப்பும் வேண்டும். மெலிந்தபின் மூச்சுத்தடை பலருக்குக் குறையும். எல்லோர்க்கும் மறையாது, மீண்டும் அளக்கவேண்டும். அளவாமலே அறுவை மேசையிற் கிடத்தினால் மயக்க மருந்தே ஆபத்தாகலாம். மெலியாமலும் மருந்துண்டு: 1981 இல் சிட்னியிற் கொலின் சலிவன் அறிவித்த, முகமூடிவழிக் காற்றழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி. எதற்கும் முதற்படி அளத்தல். அது இரவுப் புகைவண்டிக்கு அப்பால் இருத்தலாகாது.

வந்தாறுமூலையில் நாம் தமிழ் பயில்கிறோம். மட்டக்களப்பில் நம் பல்கலைக்கழகத்து மாணவரே மருத்துவம் பயில்கின்றனர். காரின் இடத்திற் பேருந்தும், நூலின் இடத்திற் கடைக் கல்லாவும், திருவிழாப் பந்தலும், பள்ளிவாசற் பிரசங்கமும் வினாக்களாகட்டும். அவை நோயைச் சரியாகக் காட்டுகின்றனவா என்று உறக்கச் சோதனையோடு ஒப்பிடுதல் அவர்கள் பணி. சொற்களைத் தருதல் நம் பணி. கலைப்பீடத்தில் இதற்கு முன்வருவோர் எத்தனை பேர்?