வகை வரையறையைக் கையால் எழுதாதீர்கள்

சர்வர்லெஸ் ஃபிரேம்வொர்க்கில் கான்ஃபிக் கோப்பை டைப்ஸ்கிரிப்ட்டிலேயே எழுதலாம். 'டைம்அவுட்' என்பதில் ஓர் எழுத்து பிசகினாலும், வகை வரையறை இருந்தால் எடிட்டர் உடனே சிவப்புக் கோடு போடும். யாமல் கோப்பில் அதே பிழை நேர்ந்து, எச்சரிக்கையையும் கவனிக்காமல் விட்டால், நாம் கேட்ட 30 விநாடி போய், இயல்பான 6 விநாடியிலேயே ஃபங்ஷன் நின்றுவிடும். எடிட்டர் தரும் இந்தக் காவல் நிலைக்க வேண்டுமானால், ஃபிரேம்வொர்க் தன் சரிபார்ப்புக்கு வைத்திருக்கும் ஜேசன் ஸ்கீமாவிலிருந்தே வகை வரையறைகளை உருவாக்க வேண்டும். கையால் எழுதியவை பதிப்பு மாறினால் பழசாகிவிடும். ஆனாலும் வகை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. ஃபங்ஷன் ஓடும் அமேசான் லாம்ப்டாவின் நேர உச்சவரம்பு 900 விநாடி. 'எண்' என்ற வகையோ 9000-ஐயும் ஏற்கும். ஆகவே வகையும் வேண்டும், ஸ்கீமா சரிபார்ப்பும் வேண்டும். இரண்டுக்கும் மூலம் ஒன்றாகவே இருக்க வேண்டும்.