மூச்சுப் பயிற்சியும் மூன்று பங்கு வேலையும்

சென்ற வாரம் பழைய நண்பர் ஒருவர் வந்திருந்தார். இருபது வருஷமாக மொழிபெயர்ப்பு உத்தியோகம். இன்ஷூரன்ஸ் பத்திரமோ, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதமோ, எதைக் கொடுத்தாலும் படிக்கும்படியான தமிழில் செய்து தருவார். முகத்தில் களையே இல்லை.

"என்னய்யா, உடம்புக்கு என்ன?" என்றேன்.

"உடம்புக்கு ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் யந்திரம் மொழிபெயர்க்கிறது, நான் திருத்துகிறேன். முன்பு நாளைக்கு 2,000 சொல், இப்போது 6,000. மருந்தின் அளவு தப்பாகப் போனால் மட்டும் பொறுப்பு என்னுடையது."

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததிலிருந்து, 'வேலை போய்விடுமா?' என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேலை போகாமல் இருக்கிறவனின் கதியை யார் கேட்கிறார்கள்? யந்திரம் வந்தால் ஓய்வு கிடைக்குமாம். இரண்டு மணி வேலை அரை மணியில் முடிந்தால், மிச்சமான நேரத்தை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்ன முதலாளியை நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்துப் பையனின் பிழை கண்ணை உறுத்தும். யந்திரத்தின் பிழை பட்டு வேஷ்டி கட்டிக்கொண்டு வருகிறது. இலக்கணம் சுத்தம், தோரணை சுத்தம். விஷயம் மட்டும் பொய்யாக இருக்கும். ஆகவே வரிக்கு வரி சந்தேகப்பட வேண்டும். நாளெல்லாம் சந்தேகப்படுவதே ஒருவனுக்கு உத்தியோகமானால் ராத்திரி எப்படித் தூங்குவான்? சரியான சொல் அகப்பட்டதும் மனசுக்குள் ஒரு துள்ளல் வருமே, சம்பளம் போதாத காலத்திலும் அவரைக் காப்பாற்றியது அதுதான். அது போய்விட்டது.

காரியாலயம் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மனநல வகுப்பு. கண்ணை மூடி மூச்சை இழுத்து விடவேண்டும். (தியானத்தின் மேல் எனக்குப் பகையில்லை.) அந்த முக்கால் மணிக்கு உரிய சொற்களைக் கணக்கில் கழித்தார்களா என்று கேட்டேன். சிரித்தார். காலை மிதித்துக்கொண்டே தைலம் தடவுகிற வைத்தியம்!

அமெரிக்காவில் சினிமாவுக்கும் டெலிவிஷனுக்கும் எழுதுகிறவர்கள் மூச்சுப் பயிற்சியோடு திருப்தி அடையவில்லை. 2023 மே 2-ஆம் தேதி தொடங்கி 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய குறைகள் பல. அவற்றில் ஒன்று, யந்திரம் கக்கியதை மூலக் கதையாக வைத்து, எழுத்தாளனைத் திருத்தல் கூலிக்கு இறக்கிவிடுவார்களே என்ற பயம். முடிவில் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள்: யந்திரத்தை உபயோகிக்கும்படி எழுத்தாளனைக் கட்டாயப்படுத்தக் கூடாது, கொடுக்கிற பிரதியில் அதன் கை இருந்தால் சொல்லிவிட வேண்டும்.

"அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது" என்றார் நண்பர்.

வாஸ்தவம். ஆனால் சொற்கணக்கைக் குறை, உருப்படாத பிரதியைத் தள்ளிவிட்டுப் புதிதாக எழுத அனுமதி கொடு என்று நாலு பேர் சேர்ந்து கேட்கவும் வாயில்லையா? அதைத்தான் கேட்டேன்.

"கேட்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை எங்களை வகுப்பில் முன் வரிசையில் உட்காரவைப்பார்கள்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அன்றைய கணக்கில் இன்னும் 1,500 சொல் பாக்கியாம்.