உங்கள் பெயரிலும் ஒரு சீட்டு

புறநோயாளர் பிரிவில் காத்திருப்போரைச் சற்றே கவனியுங்கள். பெண்கள் பலர் அமர்ந்திருப்பர். ஆயினும் அவர்களுள் பலரின் கையில் இருப்பது தம்முடைய ஓ.பி. சீட்டன்று, குழந்தையுடையது, மாமியாருடையது, கணவருடையது. ஆண்களுள் பலரோ, நோய் முற்றிய பின்னர்ப் பிறர் வற்புறுத்தலால் வந்தவர்கள்.

பெண்கள் அக்கறை மிக்கவர்கள், ஆண்கள் அலட்சியமானவர்கள் என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மையே. கருவுற்ற காலத்தில் பெண்ணுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் ஆகியவை முறையாகப் பார்க்கப்படுகின்றன. ஆணின் வாழ்வில் அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலியோ வேதனையோ தருவதில்லை. வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை இழக்க அவர் மனம் ஒப்புவதில்லை.

குழந்தைகளுக்குத் தடுப்பூசிகள் போட்டு முடிந்ததும் பெண்ணின் நிலையும் மாறுகிறது. அதன்பின் அவர் பிறருக்காகவே மருத்துவமனைக்கு வருகிறார். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது; ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கு. மாதவிடாய் இழப்பு இதற்கு ஒரு காரணம். 'வெறும் அசதிதான்' என்று தள்ளிப்போடுவது மற்றொன்று. மாரடைப்பு சில பெண்களுக்கு மூச்சுத்திணறல், குமட்டல், முதுகுவலி, தாடைவலி என்றும் வெளிப்படும். அதை வாய்வுத் தொல்லை என்று எண்ணிக் கஷாயம் குடித்துப் படுத்துவிடுவோர் உண்டு.

ஆக, ஆண் வருவதில்லை. பெண் வந்தும் தமக்காக வருவதில்லை. இருவருமே குடும்பத்தைக் காரணம் காட்டித் தம் உடலைக் கடைசியில் வைக்கின்றனர். குடும்பத்தின் மீதுள்ள அன்பினால்தான் அப்படிச் செய்கின்றனர். ஆனால் பக்கவாதம் வந்து ஒருவர் படுக்கையில் விழுந்தால், அந்தச் சுமையைத் தாங்குவதும் அதே குடும்பந்தான்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. எனினும் நோய் இருப்பது தெரிந்தால்தானே மருந்து வரும்? 30 வயது கடந்த அனைவரும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்கள் மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

இன்று நீங்கள் எவருக்கேனும் துணையாக வந்திருக்கக்கூடும். மருத்துவமனைக்கு வந்துவிட்டீர்கள், காத்திருக்கவும் போகிறீர்கள். சீட்டுப் பதியும் இடத்தில் உங்கள் பெயரிலும் ஒரு சீட்டுக் கேளுங்கள்.