காக்காய்க்கு ஷாக் இல்லை. பையன் மட்டும் கருகுவது ஏன்?

விழுப்புரம் ரெயில் நிலையம். சாயங்கால நேரம். தண்டவாளத்துக்கு மேலே போகும் கரண்டுக் கம்பியில் ஒரு காக்காய் ஜம்மென்று உட்கார்ந்து இருந்தது.

திண்டிவனம் பக்கம் போக ரெயிலுக்கு நின்ற 4 பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் கேட்டேன்.

"தம்பி, அந்தக் கம்பியிலே இப்ப கரண்டு இருக்கா?"

"இருந்தா காக்கா செத்திருக்குமே அண்ணே! ரெயில் வரும்போதுதான் கரண்டு விடுவாங்க" என்றான் ஒருவன். மற்ற மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தக் கம்பியில் இருப்பது 25 ஆயிரம் வோல்ட். வீட்டுக் கரண்டு வெறும் 230 வோல்ட். அதைப்போல 100 மடங்குக்கும் மேல்! ரெயில் வந்தாலும் வராவிட்டாலும் அதில் கரண்டு இருக்கிறது என்றுதான் நினைக்க வேண்டும்.

இது இன்று நேற்று வந்த கம்பி அல்ல. தாம்பரம்–விழுப்புரம் பாதைக்கு மின்சார ரெயில் 1960-களிலேயே வந்துவிட்டது. அப்போது மீட்டர்கேஜ். எலெக்ட்ரிக் என்ஜின் விழுப்புரத்தோடு கழன்றுகொள்ளும். அதற்கு மேல் வேறு என்ஜின் மாட்டுவார்கள். தாத்தா பார்த்த கம்பி. பேரனுக்கு மட்டும் அதைப்பற்றி யாரும் சொல்லவில்லை.

செல்பி மட்டுமா குற்றவாளி?

நின்றுகொண்டிருக்கும் சரக்கு ரெயில் மேல் ஏறிப் படம் எடுத்த பையன்கள் கருகிச் செத்த செய்தி தமிழ்நாட்டில் எத்தனை தடவை வந்துவிட்டது! "செல்பி மோகம்" என்று தலைப்புப் போடுகிறோம். படித்துவிட்டு "உச்" கொட்டுகிறோம். அதோடு சரி.

நான் சொல்கிறேன்: பாதிக் குற்றம் செல்பி மேல். மீதி, பாடத்தைப் பரீட்சையோடு முடித்துவிட்ட நம்ம மேல்.

காக்காய் ஏன் சாகவில்லை? அதன் இரண்டு காலும் ஒரே கம்பியில். கரண்டு ஓட வேண்டுமானால் போக ஒரு வழி, திரும்ப ஒரு வழி வேண்டும். காக்காய் உடம்பு வழியாகப் போய்ச்சேர வேறு இடம் இல்லை. தப்பித்தது.

பையன் கதை வேறு. அவன் நிற்பது இரும்பு வேகன். வேகன் நிற்பது தண்டவாளம். தண்டவாளம் தரையில். கம்பிக்கும் தரைக்கும் நடுவில் அவன் உடம்பே பாலம்! கையால் தொடக்கூட வேண்டாம். நெருங்கினாலே பாயும். அதனால்தான் 2 மீட்டருக்குள் போகாதே என்று ரெயில்வே எச்சரிக்கிறது.

ஆணியும் ஒரு வாத்தியார்தான்

அதே கரண்டுதான் ரெயிலையும் இழுக்கிறது. எப்படி? காந்தம்!

ஒரு இரும்பு ஆணி. அதைச் சுற்றி வார்னிஷ் பூசிய செம்புக் கம்பி. கம்பியின் இரண்டு முனையையும் சுரண்டி டார்ச் செல்லில் சில நொடி வையுங்கள். ஆணி காந்தமாகி குண்டூசியை இழுக்கும். எடுத்துவிட்டால் ஊசி விழும். இந்த இழுப்பைப் பெரிதாக்கினால் மோட்டார். மின்விசிறியும் அதுதான், கிணற்று மோட்டாரும் அதுதான், ரெயில் என்ஜினும் அதுதான்.

கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை ஆட்டினால் கரண்டு பிறக்கும் என்று 1831-ல் காட்டிய மைக்கேல் பாரடே, கொல்லர் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் எடுபிடியாக இருந்தவர். பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. நம்ம ஊர்ப் பையனுக்கு மட்டும் வராதா என்ன?

ஒன்று கவனம்: சோதனை எல்லாம் 1½ வோல்ட் டார்ச் செல்லோடு சரி. சுவர் பிளக்கில் கை வைக்கவே கூடாது.

புயல் சொன்ன பாடம்

2024 நவம்பர் 30-ந் தேதி கரை கடந்த பெஞ்சல் புயலை மறந்துவிட்டோமா? திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. இப்படிப்பட்ட நேரத்தில் ரோட்டில் கம்பி அறுந்து கிடந்தால் பெரியவர்களுக்கே என்ன செய்வது என்று தெரிவதில்லை. ஈர மண்ணிலும் கரண்டு பாயும். கிட்டே போகாதே, மற்றவரையும் விடாதே, மின்னகம் 94987 94987-க்கு போன் போடு. இதை 6-ம் வகுப்புப் பிள்ளை வீட்டுக்கே சொல்லிக் கொடுக்கும். முதலில் அதற்கு நாம் சொல்ல வேண்டும்.

பெரிய செலவு இல்லை. வருஷத்துக்கு ஒரு நாள் அறிவியல் ஆசிரியர் பிள்ளைகளை ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்கு அழைத்துப்போய் கம்பியைக் காட்டட்டும். இன்னொரு நாள் மின்வாரிய லைன்மேன் ஒருவரை வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லட்டும். ஆணி, கம்பி, செல் எல்லாம் நாலு டீ காசு.

அந்த 4 பையன்களுக்கும் காக்காய் கதையைச் சொன்னேன். ரெயில் வரும்வரை கம்பியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மற்ற பையன்களுக்கு யார் சொல்வது?

விழுப்புரம், திண்டிவனம் பள்ளிகள் அடுத்த மழைக்கு முன்னால் கவனிக்குமா?